கேளுங்க அண்ணாச்சி: கொக்கு எண்ணெய் தேய்க்கிற சொல்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். பொங்கல் லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு கூந்தன்குளம் போயிருந்தோம். கரையில் பைனாகுலரோடு நின்ற சில பையன்கள், நாரை அலகை இறகுக்குள் விட்டு இழுத்துக்கொண்டிருந்ததைக் காட்டி "ப்ரீனிங் பண்ணுது" என்றார்கள். எட்டாம் வகுப்பு படிக்கிற மகள் வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினாள். இறகு கோதுதல் என்று ஒரு பொருள், தன்னைச் சிங்காரித்துக்கொண்டு பெருமைப்படுதல் என்று இன்னொரு பொருள். தெரிந்த வாத்தியார் ஒருவர், மரத்துக்குக் கவாத்து வெட்டுவதை ப்ரூன் என்கிறோமே, அதிலிருந்துதான் இது வந்தது என்கிறார். மகளுக்கு அதில் திருப்தி இல்லை. நாரை எதையும் வெட்டவில்லையே என்று கேட்கிறாள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?
- வாசகி ஒருவர், நாங்குநேரி

பதில்: தங்கச்சி, உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. நாரை எதையும் வெட்டவில்லை. அது எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குள்ளே இருப்பதும் எண்ணெய்தான்.

முதலில் பறவையைப் பார்த்துவிடலாம், அப்புறம் சொல்லுக்கு வரலாம். கோழி அறுத்துப் பழக்கமுள்ள வீடுகளில் இதைப் பாதி தெரிந்தே வைத்திருப்பார்கள். மயிர் பிடுங்கி மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டியபின், வால் முனையில் மேல்பக்கம் மேடாக இருக்கும் சின்னக் கட்டியை, வாடை அடிக்கும் என்று கத்தி முனையால் நீக்கி எறிவார்கள் இல்லையா, அதுதான் பறவையின் எண்ணெய்க் கிண்ணம். எல்லாப் பறவைக்கும் இல்லை, ஆனால் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. பறவை கழுத்தைத் திருப்பி அலகால் அந்த இடத்தைத் தொட்டு, கசிகிற மெழுகு மாதிரியான எண்ணெயை எடுத்து, இறகு இறகாகப் பூசுகிறது. தலைக்கு அலகு எட்டாதே, அதனால் எண்ணெய் பட்ட இடத்தில் தலையையே கொண்டுபோய்த் தேய்த்துக்கொள்ளும். இறகு காய்ந்து நொறுங்காமல் இருக்க, தண்ணீர் ஊறாமல் இருக்க, இறகைத் தின்னும் நுண்ணுயிர்களை அடக்கிவைக்க என்று அந்த எண்ணெய்க்குப் பல வேலை. இதில் ஒன்று கவனித்தீர்களா? நாம் எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிக்கிறோம், பறவை குளித்துவிட்டு எண்ணெய் தேய்க்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலேயர்கள் ப்ரீன் என்று எழுத ஆரம்பித்தது 14ஆம் நூற்றாண்டில். அது அவர்கள் வீட்டுச் சொல் இல்லை, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது. 1066ல் பிரான்சின் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபின், அரண்மனை, நீதிமன்றம், வேட்டை என்று பெரிய மனிதர்கள் புழங்கிய இடமெல்லாம் பிரெஞ்சு வந்து உட்கார்ந்துகொண்டது. பிரபுக்களின் பெரிய வேட்டை, பருந்தையும் வல்லூறையும் பழக்கிக் கையில் ஏந்திப் போகிற வேட்டை. அந்தப் பறவைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், பறவையின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள், பெரும்பாலும் பிரெஞ்சுச் சொல். பழைய பிரெஞ்சில் ஒயிந்த்ரே என்றால் எண்ணெய் பூசுவது. அதன் முன்னால் ஓர் ஒட்டு சேர்த்துப் பொரொயிந்த்ரே என்றார்கள். அந்தச் சொல் ஆங்கிலேயர் நாக்கில் ப்ரொய்ன், ப்ரெய்ன், ப்ரூன் என்று பலவிதமாகப் புரண்டு, கடைசியில் ப்ரீன் என்று நின்றது. ஒயிந்த்ரே லத்தீனிலிருந்து வந்தது, அங்கே உங்குவெரே என்றால் பூசு, தடவு. மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிறோமே ஆயின்மென்ட், அதுவும் இதே லத்தீன் வேரில் வந்ததுதான். கொக்கு வாலடியில் வைத்திருப்பதை ஆயின்மென்ட் என்று சொன்னாலும் தப்பாகாது.

1486ல் இங்கிலாந்தில் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம் என்றொரு பழைய வேட்டைக் கையேடு உண்டு. பருந்து வளர்ப்பவன் எந்தச் செயலை எந்தச் சொல்லால் சொல்ல வேண்டும் என்று அதில் கறாராக எழுதியிருக்கிறார்கள். பருந்து வாலடியில் எண்ணெய் போன்ற ஈரத்தை எடுத்துக் காலிலும் இறகிலும் பூசுவதைத்தான் அந்த வினையால் சொல்ல வேண்டும், சும்மா கொத்திக்கொள்கிறது என்று சொல்லக் கூடாது என்கிறது அந்தக் கையேடு. பறவையின் அருகில் பொழுதெல்லாம் இருந்து பார்த்தவர்கள் வைத்த சொல் என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன், மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

வாத்தியார் சொன்ன கவாத்துக் கதைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அவரைக் குறை சொல்ல வேண்டாம். பறவை இறகைச் சீராக்குவதையும் ப்ரூன் என்றே ஆங்கிலேயர் நெடுநாள் எழுதியிருக்கிறார்கள். மரத்தை வெட்டுகிற ப்ரூன் இன்னொரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, வட்டமாக நறுக்கிச் சீராக்குவது என்ற பொருளில் பிறந்திருக்கும் என்பது அகராதிக்காரர்கள் கணிப்பு. பிறந்த இடம் வேறு, வளர்ந்த ஊரில் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டதால் அண்ணன் தம்பி என்று நினைத்துவிட்டோம், அவ்வளவுதான். உலர்ந்த பிளம் பழத்தையும் ப்ரூன் என்பார்கள், அதுவோ முழுக்க மூன்றாவது குடும்பம்.

இன்னொரு சொல்லும் நடுவில் புகுந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ப்ரெயோன் என்றால் ஊசி, துணியில் குத்துகிற கொக்கி. ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்றைக்கும் குண்டூசியை ப்ரீன் என்றே சொல்கிறார்கள். பறவை கூரான அலகால் இறகைக் குத்திக் குத்தி எடுப்பதைப் பார்த்தவன் வாயில், எண்ணெய்ச் சொல்லின் உச்சரிப்பை இந்த ஊசிச் சொல் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்கிறார்கள். ப்ரொய்ன் என்பது ப்ரீன் ஆனதற்குக் காரணம் அது. பொருள் எண்ணெயிடமிருந்து, ஓசை ஊசியிடமிருந்து.

இனி நாங்குநேரிக்காரரான உங்களுக்காகவே ஒன்று. லத்தீன் உங்குவெரேயும் சமஸ்கிருதத்தின் அஞ்ஜ் என்கிற வேரும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். அஞ்ஜ் என்றாலும் பூசு, தடவு என்றுதான் பொருள். கண்ணுக்குத் தீட்டும் அஞ்சனம் அதிலிருந்து வந்தது. அபி என்ற ஒட்டுச் சேர்ந்து வந்தது அப்யங்கம், தீபாவளியன்று பஞ்சாங்கத்தில் அப்யங்க ஸ்நானம் என்று போடுவார்களே, அந்த எண்ணெய்க் குளியல். உங்கள் ஊர் வானமாமலைப் பெருமாளுக்குத் தினமும் எண்ணெய்க்காப்பு நடக்கிறது, அந்த எண்ணெயைக் கோயிலுக்குள்ளேயே ஒரு கிணற்றில் சேர்த்து மருந்தாக வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் தோல் நோய்க்கு என்று ஆச்சி அங்கிருந்து கொண்டுவந்து எனக்குத் தடவியது, அந்த வாசனையோடு ஞாபகம் இருக்கிறது. நாங்குநேரியில் பெருமாளுக்கு நடக்கிற அப்யங்கமும், அதே தாலுகாவில் கூந்தன்குளத்து நாரை செய்கிற ப்ரீனும் சொல்லளவில் ஒரே கொடிவழி. நான் இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தது, இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.

அகராதியில் இருந்த இரண்டாவது பொருளுக்கு வருகிறேன். பறவைக்கு வந்த சில காலத்திலேயே மனிதனுக்கும் வந்துவிட்டது. சாசர் என்ற 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர், காதலில் விழுந்த ஒரு பணியாளன் காலையில் எழுந்து தலை வாரித் தன்னைச் சீராக்கிக்கொள்வதற்கு இதே சொல்லைப் போட்டிருக்கிறார். அங்கிருந்து கண்ணாடி முன்னால் நின்று தன்னையே ரசிப்பவன், தன் பெருமையைத் தானே மெச்சிக்கொள்பவன் என்று போய்விட்டது. எனக்கு இது வருத்தம்தான். பறவைக்கு இது பிழைப்பு. இறகு சீர்கெட்டால் பறக்க முடியாது, குளிர் தாங்காது, பேன் பெருகும். இதில் பகட்டு எங்கே இருக்கிறது?

நம் சொல்லைப் பாருங்கள். கோது. எண்ணெயைப் பற்றி அதில் ஒன்றுமில்லை, சிக்கைப் பற்றி இருக்கிறது. விரலை விட்டுச் சிக்கெடுத்துப் பிரித்துச் சீராக்குவது கோதுதல். அதுவும் பறவை செய்கிற வேலையின் சரிபாதி. ஓர் இறகை எடுத்துப் பார்த்தால் நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் இழைகள், அந்த இழைகளிலிருந்து இன்னும் சின்ன இழைகள், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, நம் பையின் ஜிப் மாதிரி, ஒரே தகடாக நிற்கும். காற்றிலும் முள்ளிலும் பட்டு ஜிப் விட்டுப்போகும். அலகுக்குள் வைத்து அடியிலிருந்து நுனிவரை ஓர் இழுப்பு இழுத்தால் திரும்ப மாட்டிக்கொள்ளும். மகளிடம் ஓர் இறகைக் கொடுத்து, நடுவில் பிளந்துவிட்டு, விரலால் நீவிச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொல்லும் பத்து வரியைவிட அது நன்றாகச் சொல்லும்.

கோதுதல் மனிதரிடம் வரும்போது பெருமைக்குப் போகவில்லை, பிரியத்துக்குப் போயிருக்கிறது. காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் தலையை அம்மா கோதிவிடுகிறாள். தன் தலையைத் தானே கோதிக்கொள்பவரும் உண்டுதான், ஆனால் கோது என்றவுடன் நமக்கு முதலில் வருவது இன்னொருவர் விரல். ஒரே செயலை அங்கே எண்ணெயால் பார்த்திருக்கிறார்கள், இங்கே சிக்கால் பார்த்திருக்கிறோம்.

கேள்வி: அண்ணாச்சி, மாஞ்சோலை மலையில் இருவாட்சிப் பறவையைப் பார்த்தேன். சிறகில் இருக்கும் வெள்ளைப் பட்டை மஞ்சளாக இருந்தது. அது அழுக்கா, நிறமே அப்படியா?
- கல்லூரி மாணவர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தம்பி, கொடுத்துவைத்தவர் நீங்கள். அந்த மஞ்சளும் எண்ணெய்தான். பெரிய இருவாட்சிக்கு வாலடியில் சுரக்கும் எண்ணெயே மஞ்சள் நிறம். அதை அலகில் எடுத்து, மண்டைமேல் இருக்கும் கொண்டையிலும் கழுத்திலும் சிறகின் வெள்ளைப் பட்டையிலும் பூசிக்கொள்கிறது. மேலே சொன்ன எண்ணெய்ச் சொல் எந்தப் பறவைக்கு மிகப் பொருத்தம் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். களக்காடு முண்டந்துறைக் காடு 1988ல் புலிகள் காப்பகம் ஆனதிலிருந்து எல்லோரும் புலியைத் தேடிப் போகிறார்கள். உயரமான மரங்களில் பழம் இருக்கும் காலத்தில் அண்ணாந்து பார்த்து நிற்கப் பொறுமை இருந்தால், மஞ்சள் பூசிய இந்தப் பறவையைப் பார்க்கலாம். அது சிறகடித்துப் போகும் சத்தம் முதலில் கேட்கும், ரயில் என்ஜின் மூச்சு விடுகிற மாதிரி.

எண்ணெயை இன்னொரு விதமாகப் பயன்படுத்தும் பறவை நம் செம்மண் தேரிப் பக்கம் சாதாரணமாகத் திரியும் கொண்டலாத்தி. அடைகாக்கும் பெண்கொண்டலாத்தியின் எண்ணெய் கறுத்து, கெட்ட நாற்றம் அடிக்கும். அதற்குள் நல்ல பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அந்த எண்ணெயைத் தன் முட்டைமேலேயே பூசிவிடுகிறது, கெட்ட கிருமிகள் முட்டைக்குள் புகாமல் இருக்க அது உதவுகிறது. கொண்டலாத்திப் பொந்து நாறும் என்று ஊரில் முகம் சுளிப்பார்கள். தாய் தன் குஞ்சுக்குப் பூசும் மருந்து அது.

கேள்வி: எங்கள் குளத்தில் மடையானும் கொக்கும் சேற்றில் விலாங்கு பிடித்துத் தின்கின்றன. விலாங்கின் வழுவழுப்பு இறகில் ஒட்டினால் எண்ணெய் போட்டா கழுவும்? இன்னும் பிசுபிசுக்குமே.
- விவசாயி, மூலைக்கரைப்பட்டி

பதில்: ஐயா, குளத்தங்கரையில் நின்று பார்க்கிறவருக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். கொக்குக் குடும்பத்துக்கு எண்ணெயோடு இன்னொரு சாமானும் உண்டு, பொடி. மார்பிலும் இடுப்பிலும் சில திட்டுகளில் ஒரு வகை மெல்லிய இறகு வளர்ந்துகொண்டே இருக்கும், அதன் நுனி உதிர்ந்து உதிர்ந்து மாவாகிவிடும். வழுவழுப்பு பட்ட இடத்தில் அந்த மாவை அப்பி, அது சளியை உறிஞ்சியதும் சுரண்டி எடுத்துவிடும். நம் ஆட்கள் சீயக்காய்ப் பொடி போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது போலத்தான். சுரண்டுவதற்கு நடுவிரல் நகத்தில் பல் பல்லாக ஒரு சீப்பே இருக்கிறது. அடுத்த முறை மடையான் காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறியும்போது பாருங்கள், அது தலை வாருகிறது. புறாவுக்கும் பொடி உண்டு. கண்ணாடி ஜன்னலில் மோதிய புறா தன் உருவத்தை வெள்ளையாக அச்சுப் பதித்துவிட்டுப் போகும், அந்த வெள்ளை இந்த மாவுதான்.

கேள்வி: மைனா ஒன்று எறும்பை அலகில் பிடித்துச் சிறகுக்கடியில் தேய்த்ததைப் பார்த்தேன். தின்னவில்லை. இதுவும் அதே சொல்லில் வருமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: வராது, இதற்குத் தனிச்சொல் இருக்கிறது. எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற ஜெர்மன் பறவையியலாளர் 1935ல் தன் மொழியில் இதற்கு ஐன்எம்சன் என்று பெயர் வைத்தார். எறும்பைப் பூசிக்கொள்வது என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் எறும்புக்கு உள்ள ஆன்ட் என்ற சொல்லையே வினையாக்கி ஆன்டிங் என்றார்கள். முசுறு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம் பேனையும் பூஞ்சையையும் விரட்டும் என்பது ஒரு விளக்கம். அமிலத்தை இறகில் துடைத்துவிட்டு எறும்பைத் தின்னத் தயார் செய்கிறது என்பது இன்னொன்று. ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நீங்கள் பார்த்த மைனா கடைசிவரை தின்னவில்லை என்றால் அதை நாளோடும் இடத்தோடும் குறித்துவையுங்கள், அது பயனுள்ள குறிப்பு.

கேள்வி: பனைமரப் பொந்தில் இரண்டு ஆந்தைகள் ஒன்றின் தலையை ஒன்று கொத்திக்கொண்டிருக்கின்றன. சண்டையா? இதற்குத் தமிழில் என்ன சொல்ல?
- வாசகி, திசையன்விளை

பதில்: சண்டை இல்லை, தாயி. அவை அநேகமாகப் புள்ளி ஆந்தை ஜோடியாக இருக்கும். தன் அலகு தன் தலைக்கும் பிடரிக்கும் எட்டாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த இடத்தைத்தான் ஒன்றுக்கொன்று பார்த்துக்கொள்கின்றன. கிளி, சில்லை, புறா எல்லாம் இப்படிச் செய்யும். கவனித்தால், கோதிவிடப்படும் பறவை தலையைச் சாய்த்துக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பொறுமையாக நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு, மற்றொருவர் என்று பொருள்படும் அலோ என்ற கிரேக்க ஒட்டை ப்ரீனுக்கு முன்னால் சேர்த்து ஒரு நீளமான சொல் செய்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் வேண்டாம். தன் இறகைத் தானே சீராக்கினால் கோதிக்கொள்கிறது, மற்றதன் தலையைச் சீராக்கினால் கோதிவிடுகிறது. கொள், விடு என்று இரண்டு துணைவினைகள் போதும், வேறுபாடு முழுக்க வந்துவிடுகிறது.

பாடப்புத்தகத்திலும் செய்தியிலும் ப்ரீனிங் என்று எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள், கோதுதல் என்றே எழுதுங்கள், பிள்ளைகளுக்கு உடனே கண்முன் வரும். நம் வட்டாரத்தில் கோழி உடம்பை உதறினால் சிலுப்புது என்பார்கள், மண்ணில் புரண்டால் மண்ணைக் குடையுது என்பார்கள். இறகு கோதுவதற்கு உங்கள் ஊரில், முக்கியமாகக் குளத்தங்கரை ஊர்களிலும் பனங்காட்டுப் பக்கமும், வேறு சொல் புழங்கினால் எழுதி அனுப்புங்கள். யார் சொன்னார்கள், எந்தப் பறவையைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்த இதழ்களில் போடுகிறேன்.